பின் சீற்றுக்குள்ள என்ன கிடக்கு?

மாமாட்ட ஒரு ஒஸ்ரின் ஏ40 இருக்கு. சொமர்செற் மொடல். 1952 தொடக்கம் 1954 வரைக்கும்தான் இங்கிலாந்தில அதைச் செய்தவை. போன வருசம் அதின்ர பின் சீற் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிஞ்சு போச்சு. கலியாண ஹயருக்குப் போற கார். கூறைச்சீலையோட பொம்பிளை இருக்கிற இடத்தில தும்பு தள்ளிக்கொண்டு நிண்டா ஆர் கூப்பிடுவினம்? குஷன் கடைக்குக் கொண்டுபோனம்.

ஒட்டிவிட்டாச் சரிதானே எண்டுதான் நான் நினைச்சன். அப்பிடி இல்லையாம். தையலோட விட்டிருந்தா சுகம், பழைய ஓட்டைகளுக்குள்ளாலயே வளைஞ்ச ஊசியை விட்டுத் திரும்ப இழுக்கலாம். நடுவில கிழிஞ்சா மேலால ஒட்டி வேலையில்லை. ஆள் இருக்கேக்க சீற் பதியும், றெக்சின் இழுபடும், ஒட்டினது விடும். உள்பக்கமா ஒரு துணியை நுழைச்சு, அதில பசை பூசி, ரெண்டு விளிம்பையும் கிட்டக் கொண்டுவந்து அமத்தவேணும். ஆனா வெயிலில காய்ஞ்சு மொறுமொறுத்த றெக்சினுக்கு அதுவும் சரிவராது, ஊசி போற இடமெல்லாம் புதுசாக் கிழியும். எங்கட சீற் அந்த நிலைமை. "முழுக்கக் கழட்டத்தான் வேணும் தம்பி" எண்டார் குஷன் அண்ணை.

கழட்டினா, ஒண்டுக்குக் கீழ ஒண்டா மூண்டு காலம் கிடந்தது.

மேல இருந்தது சிவப்பு றெக்சின். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பில இருந்து மாமா வாங்கிவந்தது. றெக்சின் எண்டது உண்மையில ஒரு கொம்பனியின்ர பெயர். மான்செஸ்ரருக்குப் பக்கத்தில ஹைட் என்ற ஊரில, துணிக்கு மேல நைற்றோசெலுலோஸ் பூசி, தோல்மாதிரி வரிகள் பதிச்சு வித்தவை. பழைய சினிமா பிலிம் சுருள் செய்ததும் அதே பொருளிலதான். பிறகு பிவிசி வந்து அதின்ர இடத்தைப் பிடிச்சிட்டுது. பெயர் மட்டும் எங்கட கடைகளில அப்பிடியே நிண்டிட்டுது.

சிவப்புக்குக் கீழ, ஸ்பிறிங் கம்பிகளுக்கு மேல, ஒரு யூரியாப் பை. நாலாய் மடிச்சு மீன்வலை நூலால தைச்சிருந்தது. அதைப் பாத்திட்டு அம்மா சிரிச்சா. பிறகுதான் கதை வந்தது.

1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, யூரியா எல்லாம் நிண்டுபோச்சு. பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் ஓடினது மண்ணெண்ணெயில. கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானாப் பிறகு மாத்துவினம். இந்தக் கதை உங்கட வீட்டிலயும் இருக்கும், எத்தனையோ பேர் எழுதியும் போட்டினம். சீற்றைப் பற்றி நான் எங்கயும் வாசிக்கேல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது, அம்மப்பா பின் சீற்றைக் கழட்டி விறாந்தையில வைச்சிட்டு, அந்த இடத்தில அரிசி மூட்டையையும் நடக்கேலாத அம்மம்மாவையும் ஏத்தினவராம். சாவகச்சேரிக்குப் போனது கார். சீற் இடம்பெயரேல்லை. அடுத்த வருசம் திரும்பி வரேக்க எலி குடும்பம் நடத்தியிருந்ததாம். கையில கிடந்ததை வைச்சு அம்மப்பாவே தைச்சதுதான் அந்தப் பை. யூரியாவே வராத காலத்தில பை எங்கால வந்தது? அனேகமா 1990க்கு முந்தினது. வெறும் பையை ஆறு வருசம் எறியாமல் வைச்சிருந்திருக்கினம்.

ஆக அடியில, ஓரமா, மண்ணிற றெக்சின் துண்டுகளும் கறுத்துப்போன தும்பும். அதுவும் இங்கிலாந்தில வைச்சது இல்லையாம், உள்ளூர் வேலை. 1960களின் தொடக்கத்தில அந்நியச் செலாவணி நெருக்கடியால கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970இல் இருந்து 1977 வரை இன்னும் மோசம். அந்தக் காலத்தில இருந்த காரைக் காப்பாத்துறதைவிட வேற வழி இல்லை. குஷன் வேலை ஒரு தொழிலா ஊண்டினதுக்கு இதுவும் ஒரு காரணம் எண்டு நினைக்கிறன். கார் கப்பலில வந்தபோது இருந்த சீற்றுத்துணியின்ர ஒரு நூல்கூட உள்ள இல்லை.

இதில சிக்கல் என்னெண்டா, கொழும்பில ஒருத்தர் காரைக் கேட்டிருக்கிறார். "ஒரிஜினலா" வேணுமாம். மாமாவுக்கும் காசு தேவை. அதால கம்பிவரைக்கும் சுரண்டி, இன்ரநெற்றில படம் பாத்து, பழைய மாதிரியே தைக்கச் சொல்லிப்போட்டார். எனக்குக் கோவம் வந்தது. எழுபது வருசமா இந்த ஊரில ஓடின காரில இல்லாத ஒண்டை ஒரிஜினல் எண்டு புதுசாச் செய்யப்போறம், உண்மையில இருந்ததைக் குப்பையில போடப்போறம். வரலாற்றுப் பாடத்தில ஆவணம், மூலாதாரம் எண்டு நோட்ஸ் எழுதுற எனக்கு, அந்த யூரியாப் பையை எந்தச் சுவடிக்கூடத்தில குடுக்கிறதெண்டு தெரியேல்லை. மாமாட்டச் சொன்னன். "உன்ர கம்பஸ் பீசை அந்தப் பையே கட்டும்?" எண்டு கேட்டார். பதில் சொல்லேலாது.

குஷன் அண்ணைக்கு இந்தச் சண்டையில அக்கறை இல்லை. அவருக்கு வேலை குவிஞ்சு கிடந்தது. 2020 மார்ச்சில நிப்பாட்டின வாகன இறக்குமதியை, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025இலதான் திரும்ப விட்டவை. அந்த அஞ்சு வருசமும் தன்ர கை ஓயேல்லை எண்டார். ஓட்டோ சீற், வான் சீற், எல்லாம் பழசைத் திரும்பத் திரும்பத் தைக்கிறது. சில ஓட்டோக்காரர் பிளாஸ்ரிக் பையால மூடிக்கொண்டு வருவினமாம்.

சீற்றைத் திரும்ப எடுக்கப்போன அண்டைக்கு, நான் கேக்காமலே யூரியாப் பையைச் சுருட்டி ஒரு சொப்பிங் பையில போட்டுத் தந்தார். நூல் பிரிக்காமல் வெட்டி எடுத்திருந்தார். இப்ப என்ர கட்டிலுக்குக் கீழ கிடக்கு. எலி வரப்போகுது எண்டு அம்மா ஏசிக்கொண்டு திரியிறா.