தென்புலத்தாருக்கு ஒரு பயணம்

ஆடி அமாவாசைக்கு முந்தைய இரவில் எம். புதுப்பட்டி வழியாகச் செல்லும் வேன்களைப் பார்த்திருக்கிறேன். சில மேற்கே வத்திராயிருப்பைக் கடந்து சதுரகிரியின் அடிவாரமான தாணிப்பாறைக்குப் போகும். சில கிழக்கே இராமேசுவரத்திற்கு. முன்னிருக்கையில் எள்ளும் தர்ப்பையும் வைத்த பை, பின்னிருக்கையில் புளியோதரைத் தூக்குவாளி, நடுவில் உறங்கும் குழந்தைகள். அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் முடித்து, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களில் நீராடி, மதியத்திற்குமேல் தனுஷ்கோடியையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கமான ஏற்பாடு. 'நீத்தாரை நினைக்கும் நாள் சுற்றுலா ஆகிவிட்டதே' என்று பெரியவர்கள் சிலர் வருந்துவதுண்டு. அந்த வருத்தம் நியாயமானதுதானா என்று வரலாற்றைப் புரட்டிப் பார்க்கத் தோன்றியது.

நம் மரபில் இறந்தோரைப் போற்றுவது பயணத்தோடு பிறந்தது. நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகளாக வகுக்கிறது. முதற்படியே தகுந்த கல்லைத் தேடிப் புறப்படுவதுதான். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் இந்தப் படிகளின் பெயர்களையே தன் காதைகளுக்குச் சூட்டியிருக்கிறது. கண்ணகிக்குக் கல் எடுக்கச் செங்குட்டுவன் இமயம்வரை சென்று, கங்கையில் அதை நீராட்டிக் கொணர்ந்தான் என்பது காப்பியம் சொல்லும் கதை. இது கதையோடு நிற்கவில்லை. நம் வருசநாட்டு மலைக்கு அப்பால், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று ஆநிரைப் பூசலில் மாண்ட அந்தவன் என்பவனின் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வைத்திருக்கிறது. வள்ளுவரும் இல்வாழ்வான் பேணவேண்டிய ஐவருள் தென்புலத்தாரையே முதலில் வைத்தார்.

பிற நாடுகளிலும் நிலைமை வேறல்ல. சீனர்கள் ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் நாளில் சொந்த ஊர் சென்று மூதாதையர் கல்லறைகளைத் துப்புரவு செய்கிறார்கள். 2008 முதல் அது அங்கே பொது விடுமுறை. ஜப்பானில் ஓபோன் நாட்களில் நகரங்கள் காலியாகி, ரயில்கள் நிரம்பி வழிகின்றன. மெக்சிகோவில் நவம்பர் முதலிரு நாட்களும் கல்லறைத் தோட்டங்கள் மலராலும் விருந்தாலும் நிறைகின்றன. அதே நவம்பர் 2ஆம் நாள் நம் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். பயணமும் உணவும் உறவுகளின் கூட்டமும் எங்கும் துக்கத்தோடு கலந்தே இருக்கின்றன. எரியூட்டும் வழக்கமுடைய நம் குடும்பங்களுக்குத் தேடிச் செல்லக் கல்லறை இல்லை; ஆகவே நீர்க்கரையைத் தேடிச் செல்கிறோம். வேறுபாடு அவ்வளவே.

நெருப்பும் இந்த உறவில் பங்குகொள்கிறது. ஓபோனின் முடிவில், ஆகஸ்ட் 16 அன்று, கியோட்டோவின் மலைச்சரிவுகளில் பெருந்தீ மூட்டி முன்னோரை வழியனுப்புகிறார்கள். ஒடிசாவில் தீபாவளி மாலையில் சணல் தண்டுகளைக் கொளுத்தி முன்னோரை அழைக்கிறார்கள். நம் ஊர்களில் சவ ஊர்வலத்தின் முன்னே வேட்டுப் போடுகிறோம். அந்த வேட்டைச் செய்யும் கைகள் எங்கள் பகுதியின் கைகள்.

இங்கேதான் என் மனம் நின்றுவிடுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவ ஓடிவந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அவர்களுள் உண்டு. 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டியை அடுத்த ரெங்கபாளையத்திலும், மாரனேரி அருகே கிச்சநாயக்கன்பட்டியிலும் நடந்த வெடிவிபத்துகளில் பதினான்கு பேர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்கள். அதற்கு மூன்று நாள் முன்புதான், அக்டோபர் 14 சனிக்கிழமை, மகாளய அமாவாசை வந்து போயிருந்தது. முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைத்த வீடுகள், அந்த வாரம் முடியுமுன் தம் வீட்டுப் பெண்ணை முன்னோர் வரிசையில் சேர்க்க நேர்ந்தது. தீபாவளிக்கு நான்கு வாரம்கூட இல்லை.

தமிழகத்து வீடுகளில் தொங்கும் தினசரி நாட்காட்டிகளில் பெரும்பகுதி சிவகாசி அச்சகங்களில் அச்சாகிறது. எந்த நாள் அமாவாசை, எந்த நாள் தீபாவளி என்று ஊருக்கெல்லாம் சொல்லும் தாள்கள் அவை. பட்டாசுத் தொழிலில் மாண்டவர்களுக்கென்று ஒரு நாள் அந்தத் தாள்களில் இல்லை. அவர்களுடைய திதி அவரவர் வீட்டுக்குள் மட்டும் வந்து போகிறது.

தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அங்கே ஒரு ரயிலோடு நூற்றுக்கு மேற்பட்டோர் கடலில் போனதைக் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். நல்லதே. சுற்றுலா நினைவை அழிப்பதில்லை. சொல்லாமல் விடுவதுதான் அழிக்கிறது. ஆகவே வேன் பிடிப்பவர்களிடம் எனக்குக் குறையில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. தர்ப்பணத்தில் பெயர் தெரியாதவர்களுக்கும், உறவற்றவர்களுக்கும் சேர்த்து நீர் விடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கடைசிக் கை நீரை விடும்போது முதலிப்பட்டியையும் ரெங்கபாளையத்தையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் குழந்தை கொளுத்தும் மத்தாப்பில் அவர்களுடைய உழைப்பும் எரிகிறது.