எலியின் பதற்றமும் செரோட்டோனின் நரம்பணுக்களும்

செரோட்டோனின், நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களுள் ஒன்று. இதைச் சுரக்கும் நரம்பணுக்கள் இலேசான பதற்றத்தின்போது எவ்வாறு இயங்குகின்றன என்பது எலிகளைக் கொண்டு ஆராயப்பட்டு வருகிறது. இந்த ஆய்வின் தொடக்க வரலாற்றில் சர்ப்பகந்தி என்னும் இந்திய மூலிகைக்கு முக்கிய இடம் உண்டு.

சர்ப்பகந்தி வேர்

மனக்கலக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் சர்ப்பகந்தியின் வேர் வட இந்தியாவில் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர், இது மனநோயையும் உயர் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதாக எழுதினர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்த அழுத்த நோயாளிகளிடம் இதைச் சோதித்த முடிவுகளைப் பிரித்தானிய இதயவியல் இதழில் வெளியிட்டார். அதன்பிறகே மேலை நாடுகளின் கவனம் இந்த வேரின் மீது பெருமளவில் திரும்பியது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன ஆய்வாளர்கள், வேரிலிருந்து ரெசர்பின் என்னும் சேர்மத்தைப் பிரித்தெடுத்தனர்.

மூளையில் செரோட்டோனின்

செரோட்டோனின் 1948-இல் அமெரிக்காவில் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருளாகவே அது முதலில் அறியப்பட்டது. 1953-இல் பெட்டி துவாரோக், இர்வின் பேஜ் ஆகிய இருவரும் பாலூட்டிகளின் மூளையிலும் அது இருப்பதைக் காட்டினர். 1955-இல் பிளெட்ஷர், ஷோர், புரோடி ஆகியோர் முயல்களுக்கு ரெசர்பின் செலுத்தியபோது, மூளையில் இருந்த செரோட்டோனின் பெருமளவு வெளியேறிக் குறைந்தது. விலங்குகள் சோர்ந்து அடங்கின. மன அமைதியையும் மூளையின் வேதிப்பொருளையும் இணைத்துப் பார்க்கும் வழி இவ்வாறு திறந்தது.

ஆனால் முடிவு அவ்வளவு எளிதாக இல்லை. ரெசர்பின் டோபமின், நோர்அட்ரீனலின் ஆகியவற்றையும் குறைத்தது. 1957-இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் குழுவினர், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த விலங்குகளுக்கு டோபமினின் மூலப்பொருளைக் கொடுத்தனர்; அவை எழுந்து நடமாடின. செரோட்டோனினின் மூலப்பொருள் அவ்வாறு எழுப்பவில்லை. ஆகவே, அந்த அடங்கலுக்குச் செரோட்டோனின் மட்டுமே காரணம் என்று கொள்ள இயலவில்லை.

ஒளிர்ந்த அணுக்கள்

1964-இல் சுவீடனின் டால்ஸ்ட்ரோம், பக்சே ஆகியோர் எலி மூளைத் திசுவைப் பார்மால்டிஹைடு ஆவியில் வைத்து ஒளிர்வு நுண்ணோக்கியில் கண்டனர். செரோட்டோனின் உள்ள அணுக்கள் மஞ்சளாக ஒளிர்ந்தன. அவை பெரும்பாலும் மூளைத்தண்டின் நடுக்கோட்டை ஒட்டி, ராபே கருக்கள் எனப்படும் பகுதியில் ஒன்பது தொகுதிகளாக அமைந்திருந்தன. சிறு இடத்தில் இருக்கும் இவ்வணுக்களின் கிளைகள் மூளையின் பெரும்பகுதிக்குப் பரவுகின்றன.

இலேசான பதற்றத்தை அளத்தல்

எலி இயல்பாகவே திறந்த வெளியையும் மிகுந்த வெளிச்சத்தையும் தவிர்க்கும். சுவரை ஒட்டியே நடக்கும். எனவே திறந்த மேடையில் விடுவதும் வெளிச்சத்தைக் கூட்டுவதும் வலியின்றி அதற்கு இலேசான பதற்றத்தை உண்டாக்கும். அவ்வேளையில் எந்த அணுக்கள் தூண்டப்பட்டன என்பதை அறிய சி-பாஸ் என்னும் புரதம் பயன்படுகிறது. அணு தூண்டப்பட்டு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இப்புரதம் அதன் கருவில் சேரும். செரோட்டோனினை உண்டாக்க உதவும் நொதியையும் சேர்த்துச் சாயமேற்றினால், தூண்டப்பட்டது செரோட்டோனின் அணுவா அல்லவா என்பது தெரியும்.

2005-இல் கிறிஸ்டோபர் லோரியின் குழுவினர், பதற்றம் உண்டாக்கும் வெவ்வேறு வகை மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். முதுகுப்புற ராபே கருவின் எல்லா அணுக்களும் ஒரே அளவில் தூண்டப்படவில்லை. அதன் மேற்புறத்திலும் வால்புறத்திலும் உள்ள அணுக்களே குறிப்பாகத் தூண்டப்பட்டன. 1999-இல் ஸ்டீபன் மையரின் குழுவினர், தன்னால் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சி பெற்ற எலியில் இவ்வணுக்கள் மிகுதியாகத் தூண்டப்படுவதைக் கண்டிருந்தனர். அதே அதிர்ச்சியைத் தானே நிறுத்தக்கூடிய எலியில் தூண்டல் குறைவாகவே இருந்தது.

முக்கியத்துவம்

செரோட்டோனின் 'மகிழ்ச்சிப் பொருள்' என்று பாட நூலுக்கு வெளியே பரவலாகச் சொல்லப்படுகிறது. எலி ஆய்வுகள் இதைத் திருத்துகின்றன. இவ்வணுக்களுள் சில தொகுதிகள் பதற்றத்தின்போதே கூடுதலாக இயங்குகின்றன. 1991-இல் டீக்கின், கிரேப் ஆகியோர், அமிக்டலா பகுதிக்குச் செல்லும் செரோட்டோனின் பாதை பதற்றத்தைக் கூட்டுவதாகவும், நடுமூளைக்குச் செல்லும் பாதை பீதியை அடக்குவதாகவும் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். செரோட்டோனின் அளவைக் கூட்டும் மருந்துகள் முதல் சில வாரங்களில் சிலருக்குப் பதற்றத்தை மிகுவிப்பதையும் இப்பின்னணியில் எண்ணிப் பார்க்கலாம். இவை எலியிலிருந்து பெற்ற முடிவுகள். சி-பாஸ் ஓர் அணு தூண்டப்பட்டதைக் காட்டுமேயன்றி, அது என்ன செய்தது என்பதைக் காட்டாது. மனித மனத்துக்கு அப்படியே பொருத்திவிடலாகாது.

வேருக்காகப் பெருமளவில் தோண்டப்பட்ட சர்ப்பகந்தி, 1990 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது.