மேற்கோட் கணக்கும் காலத்தின் கணக்கும்: பேற்றன் றவுஸின் ஆய்வு வரலாறு

ஆய்வாளர் ஒருவரின் தகுதியை அவர் வெளியிட்ட கட்டுரைகளின் தொகையாலும், அவற்றைப் பிறர் மேற்கோளாக எடுத்தாண்ட தடவைகளாலும் மதிப்பிடுவது இன்று பல்கலைக்கழக உலகில் வழக்காகிவிட்டது. நியமனமும் பதவியுயர்வும் ஆய்வு மானியமும் இவ்வெண்களைப் பெரிதும் சார்ந்து நிற்கின்றன. இவ்வழக்கு மிகப் பழையதன்று. 1964 இல் யூஜின் காபீல்ட் என்பவர் பிலடெல்பியா நகரிலிருந்து விஞ்ஞான மேற்கோட் சுட்டியை வெளியிடத் தொடங்கிய பின்னரே இத்தகைய கணிப்புப் பரந்த அளவில் இயலுவதாயிற்று. இவ்வெண்கள் எதனைக் காட்டுகின்றன, எதனைக் காட்டத் தவறுகின்றன என்பதை உணர்வதற்கு, விலங்கு வைரசு ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரான பேற்றன் றவுஸ் (1879–1970) என்பாரின் வெளியீட்டு வரலாறு தக்கதொரு சான்றாகும்.

விலங்கு வைரசு ஆய்வு 1898 இலேயே தொடங்கியது எனலாம். கால்நடைகளின் கால்வாய் நோய்க்குக் காரணமான பொருள், பற்றீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டிகளையும் கடந்து செல்வதை லொஃப்லர், ஃபிரொஷ் என்னும் ஜேர்மானியர் இருவர் அவ்வாண்டிற் காட்டினர். 1908 இல் டென்மார்க்கைச் சேர்ந்த எல்லர்மன், பாங் ஆகியோர் கோழிகளின் வெண்குருதி நோயும் கலங்களற்ற வடிதிரவத்தாற் பரவுவதை நிறுவினர். எனினும் அந்நோய் அக்காலத்தில் புற்றுநோயாகக் கருதப்படாமையால் அவர்தம் முடிவு உரிய கவனத்தைப் பெறவில்லை.

இப்பின்னணியிலேயே, நியூயோர்க்கிலுள்ள றொக்பெல்லர் நிலையத்தில் 1909 இற் சேர்ந்த றவுஸின் ஆய்வு நோக்கப்படவேண்டும். நெஞ்சிற் கட்டியுடன் கொண்டுவரப்பட்ட கோழியொன்றிலிருந்து அக்கட்டியைப் பிற கோழிகளுக்கு மாற்றி வளர்க்கலாம் என்பதை அவர் 1910 இல் வெளியிட்டார். கட்டியின் சாற்றை நுண்வடிகட்டியிற் செலுத்திக் கலங்களை முற்றாக நீக்கிய பின்னரும், அவ்வடிதிரவம் புதிய கட்டிகளை உண்டாக்கியதென 1911 இல் அறிவித்தார். வைரசு எனத் துணிந்து கூறாது, வடிகட்டியைக் கடக்கும் ஒரு காரணி என்றே அவர் எழுதியமை குறிப்பிடத்தக்கது.

அறிஞர் உலகம் இதனை ஏற்கத் தயங்கியது. கோழியின் நோய் மனிதனின் புற்றுநோய்க்குச் சான்றாகாது என்றனர் சிலர். அது உண்மையான புற்றுக்கட்டியே அன்று என்றனர் வேறு சிலர். எலி முதலிய பாலூட்டிகளில் இத்தகைய காரணியைக் காண றவுஸ் செய்த முயற்சிகளும் கைகூடவில்லை. ஆகவே 1915 அளவில் அவர் இத்துறையை விட்டு விலகினார். 1916 இல் ரேணருடன் இணைந்து, சித்திரேற்றும் குளுக்கோசும் கலந்த கரைசலிற் செங்குழியங்களைப் பேணும் முறையை வெளியிட்டார். மறு ஆண்டே பிரான்சியப் போர்க்களத்தில் ஒஸ்வல்ட் றொபேட்சன் குருதியைச் சேமித்து ஏற்றுவதற்கு அம்முறை பயன்பட்டது. கோழிக்கட்டி பற்றிய கட்டுரை காத்திருக்க, குருதி பற்றிய கட்டுரை உடனே பயன் தந்தது. இரண்டும் ஒருவர் எழுதியவையே. வேறுபட்டது காலத்தின் தேவையாகும்.

1926 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபெல் பரிசு, புழுவொன்று புற்றுநோயை உண்டாக்குகின்றது என்ற ஃபிபிகருக்கு வழங்கப்பட்டது. அம்முடிவு பிற்காலத்திற் பிழையென நிறுவப்பட்டது. றவுஸின் பெயர் அப்பரிசுக்கு முதன்முதல் முன்மொழியப்பட்டதும் 1926 இலேயே. சமகாலத்தவரின் பாராட்டு உண்மைக்கு உரைகல் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1933 இல் றிச்சட் ஷோப் முயல்களின் வைரசுக் கட்டியைக் கண்டறிந்த பின்னர் றவுஸ் மீண்டும் இத்துறைக்குத் திரும்பினார். கோழிக்கட்டியின் காரணியைப் பிரித்தெடுக்க முற்பட்ட அல்பேட் குளோட், மையநீக்க முறையாற் கலத்தின் உட்கூறுகளை வேறாக்கும் புதிய வழியொன்றைக் கண்டார். 1958 இல் ரெமின், றூபின் ஆகியோர் இவ்வைரசை வளர்ப்புக் கலங்களில் அளவிடும் முறையை வகுத்தனர். 1966 இல், கட்டுரை வெளிவந்து 55 ஆண்டுகள் கழிந்தபின், தமது 87 ஆவது வயதில் றவுஸ் நோபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். 1970 பெப்ருவரியில் அவர் காலமானார்; அவ்வாண்டு யூனிலேயே, அவரது வைரசைக் கொண்டு ரெமின் கண்ட தலைகீழ்ப் படியெடுப்பு நொதியம் பற்றிய கட்டுரை வெளிவந்தது.

இங்கு மற்றுமொன்றும் சிந்திக்கற்பாலது. உடற்கலங்களின் பரம்பரையலகுகளில் நிகழும் விகாரமே புற்றுநோய்க்குக் காரணம் என்னும் கொள்கையை றவுஸ் தமது நோபெல் உரையிலும் ஏற்க மறுத்தார். ஆயின் அவரது வைரசிலுள்ள புற்றுநோய்ப் பரம்பரையலகின் மூலம் சாதாரண கோழிக் கலங்களிலேயே உள்ளதென 1976 இல் பிஷப், வாமஸ் முதலானோர் காட்டினர். அவர் மறுத்த கொள்கைக்கே அவரது கண்டுபிடிப்பு அரண் செய்தது. மேற்கோளாக எடுத்தாளப்படுவது வேறு, கருத்து ஏற்கப்படுவது வேறு என்பது இதனாற் பெறப்படும்.

சஞ்சிகைகளின் தரத்தை அளக்கப் பயன்படும் தாக்கக் காரணி, முந்திய இரண்டு ஆண்டுகளின் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களையே கணக்கிலெடுக்கின்றது. கோழிக்கட்டிக் கட்டுரைக்கோ அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது. மேலும், கண்டறிந்தவரின் பெயரே வைரசின் பெயராகிவிட்டபின், மூலக்கட்டுரையை எவரும் சுட்டவேண்டிய தேவையும் அற்றுப்போகின்றது. எண்களை அறவே தள்ளவேண்டும் என்பதன்று இதன் பொருள். ஒரு துறையில் யார் யாரைப் பயின்றனர் என்பதை அறிய அவை உதவும். ஆனால் கட்டுரையைப் படித்து, அதன் சான்றுகளை எடைபோட்டு முடிவு செய்யும் கடமையிலிருந்து எந்தச் சுட்டியும் அறிஞரை விடுவிப்பதில்லை. இன்று எவராலும் எடுத்தாளப்படாத கட்டுரைகளுள் நாளைய விஞ்ஞானத்தின் அடிப்படை மறைந்திருத்தல் கூடும் என்பதே றவுஸின் வரலாறு புகட்டும் பாடமாகும்.