விரல் நுனியும் மூடியும்: கிளாரினெட், சாக்ஸபோன், நாகஸ்வர வழி

பட்டுக்கோட்டையில் முகூர்த்த நாள் வந்துவிட்டால் இரண்டு விதமான ஊதல் காதில் விழும். மாப்பிள்ளை அழைப்பில் பேண்டு செட்டின் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் சினிமாப் பாட்டு வாசிக்கும். மறுநாள் தாலி கட்டும்போது நாயனமும் தவிலும். முன்னதைப் பகட்டு என்றும் பின்னதை மங்கலம் என்றும் ஊர் பிரித்து வைத்திருக்கிறது. இசை நூல்களும் 'மேனாட்டுக் கருவிகள்' என்று ஒரு தனித் தலைப்பைப் போட்டு ஏறக்குறைய இதையே செய்கின்றன. அந்தத் தலைப்பு கருவி எங்கே பிறந்தது என்பதைச் சொல்லும். அதில் எழுந்த இசை யார் வழி வந்தது என்பதை மறைத்துவிடும்.

குழலின் வடிவத்தை மட்டும் பார்த்தால் நாகஸ்வரத்துக்கு நெருங்கிய உறவு சாக்ஸபோன்தான். இரண்டும் கீழே போகப் போக விரியும் குழல்கள். அழுத்தி ஊதினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். விரல் அடைவு பெரும்பாலும் மாறாது. கிளாரினெட்டின் குழலோ பெரும்பகுதி ஒரே அகலம். ஊதலை ஏற்றினால் ஸ்தாயியைத் தாண்டி அதற்கு மேலுள்ள பஞ்சமத்தில் போய் நிற்கும். மேல் ஸ்தாயிக்கு வேறு விரலடைவு பழக வேண்டும். அப்படியிருந்தும் தஞ்சைக்குள் முதலில் நுழைந்தது கிளாரினெட். இதற்கு ஒரு காரணம் வெறும் காலக்கணக்கு. தஞ்சை அரண்மனைக்கு பேண்டு வாத்தியத்தைக் கொண்டுவந்த மன்னர் இரண்டாம் சரபோஜி 1832இல் மறைந்தார். அடோல்ப் சாக்ஸ் தம் கருவிக்கு பாரிஸில் காப்புரிமை பெற்றது 1846இல். பேண்டு வாத்தியத்தோடு வந்த கிளாரினெட்டை மகாதேவ நட்டுவனார் சதிர் ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார். சதிரின் குழுவான சின்னமேளத்தில் முகவீணை இருந்த இடம் அதற்குக் கிடைத்தது.

காலக்கணக்கோடு விஷயம் முடிந்துவிடவில்லை. கமகம் பிறப்பது விரல் நுனியில். நாகஸ்வரக்காரர் துளையைப் பாதி திறந்து, பாதி மூடி, சீவாளியில் உதட்டையும் மூச்சையும் இறுக்கித் தளர்த்திச் சுரத்தை அசைக்கிறார். கிளாரினெட்டிலும் பல துளைகளை விரலே நேராக மூடுகிறது. சாக்ஸபோனில் எல்லாத் துளைக்கும் மூடி உண்டு; விரலுக்குத் துளை தட்டுப்படவே படாது. இங்கே அது குறை. பிரேசிலின் ஷோரோ இசையில் அதுவே வசதி. புல்லாங்குழலில் பேர் வாங்கிய பிக்சிங்கின்யா (1897–1973) 1940களில் டெனர் சாக்ஸபோனுக்கு மாறி, பெனெடிட்டோ லசெர்டாவின் குழலுக்கு அடியில் எதிர்மெட்டு பின்னினார். சுரத்துக்குச் சுரம் தெளிவாகத் தாவும் அந்த வேலைக்கு மூடிகள் துணை நின்றன. தோடியின் காந்தாரத்தை அசைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை!

அந்த அவசியம் ஏ.கே.சி. நடராஜனுக்கு இருந்தது. 1931இல் பிறந்த திருச்சிக்காரர். ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் வாய்ப்பாட்டும் இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகஸ்வரமும் பயின்றவர். கிளாரினெட்டைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர் என்று அவரைப் புகழ்வது வழக்கம். என் கணிப்பில் அது பாதிப் புகழ்ச்சிதான். அவர் கொண்டுவந்தது நாகஸ்வரக் குழுவான பெரியமேளத்தின் பாணி: நெடிய ராக ஆலாபனை, பக்கத்தில் தவில், மூச்சடக்கி வளர்க்கும் பிருகாக்கள். அவருக்கு 'கிளாரினெட் எவரெஸ்ட்' பட்டம் தந்தவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை என்பதை வெறும் உபசாரமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. உயர்ந்த சுருதியில் ஒலித்த திமிரியை விட்டு, நீண்ட பாரி நாயனத்தை நிலைநிறுத்தியவர் ராஜரத்தினம் பிள்ளை. கருவி மாறினாலும் வாசிப்பின் வழி மாறாது என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது நடராஜனுக்கு 2008இல் கிடைத்தது, பத்மஸ்ரீ 2022இல்.

இந்த இசை நாகஸ்வர வழி வந்தது என்பதைக் கத்ரி கோபால்நாத்தைக் காட்டி மறுக்கலாம். மங்களூர்ப் பக்கத்தவர், சாக்ஸபோன்காரர், காவிரி டெல்டாவுக்கு வெளியே வளர்ந்தவர். ஆனால் அவருடைய தந்தை நாகஸ்வரக்காரர். மைசூர் அரண்மனை பேண்டில் கேட்ட கருவியை எடுத்து, அதன் மூடிகளைக் கமகத்துக்கு ஏற்பத் திருத்தி, 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலின் பிராம்ஸ் இசைவிழா மேடை வரை கொண்டுபோனார். அவருடைய கச்சேரிகளில் ஹரித்துவாரமங்கலம் பழனிவேலின் தவில் ஒலித்தது. அதே ஆண்டு வந்த 'டூயட்' படத்தில் அவரது சாக்ஸபோனைக் கேட்டவர்கள் அதன் பின்னால் ஒரு நாயன வீடு இருந்ததை நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நடராஜனின் பெயர் வர வேண்டிய இடம் மேனாட்டுக் கருவிகள் அத்தியாயம் அல்ல. நாகஸ்வர வரலாற்றில், ராஜரத்தினம் பிள்ளைக்கு அடுத்த பக்கம்.