பழவேற்காட்டுக் கைலியும் கைப்பேசி வியாபாரமும்



எர்ணாவூருக்குக் கிழக்கே கடல். கடலையொட்டி எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக வரிசை கட்டி நிற்கும் சாலை அது. அந்த லாரிகளுக்கிடையே, முதுகில் பெரிய பையைச் சுமந்த இளைஞர்கள் இருசக்கர வாகனங்களில் பார்சல் கொண்டு செல்வதை இன்று காண்கிறோம். தெருவுக்குள் வந்தால், நம் சகோதரிகள் சிலர் புர்கா தைக்கிறார்கள். சிலர் ஊறுகாயும் அல்வாவும் செய்கிறார்கள். சிலர் அத்தர் வாங்கி வைத்திருக்கிறார்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். முகம் தெரியாத ஒருவர் பணம் அனுப்புகிறார். பொருள் போய்ச் சேருகிறது.

இவர்களுக்கு அறிவுரை கூறுவோர் இணையத்தில் ஏராளம். நாளுக்கு எத்தனை படம் போட வேண்டும், எந்த நேரத்தில் போட வேண்டும், எப்படித் தலைப்பிட வேண்டும் என்பன போன்ற அறிவுரைகள் பயனற்றவை அல்ல. ஆனால் அவை கண்ணை ஈர்க்கும் வழியை மட்டுமே கற்பிக்கின்றன. அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு: பொருளையும் பாராத, விற்பவரையும் அறியாத ஒருவர் எதை நம்பித் தம் காசைத் தருகிறார்? இக்கேள்வி கைப்பேசியோடு பிறந்தது அன்று. நமது கடற்கரையில் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இது எழுந்தது. அதற்கு வணிகர்கள் அளித்த விடைகளும், அவர்கள் செய்த தவறுகளும் நமக்குப் பாடமாக இருக்கின்றன.

ஊர்ப் பெயரே அடையாளமான துணி

எர்ணாவூரிலிருந்து கரையோரமாக வடக்கே சென்று, எண்ணூர்க் கழிமுகத்தையும் காட்டுப்பள்ளியையும் கடந்தால் பழவேற்காடு வரும். ஐரோப்பியர் நாவில் அது ‘புலிகாட்’ ஆனது. மலாய் மொழியில் ‘பெலிக்காட்’ ஆனது. மலேசியாவில் ஆண்கள் தொழுகைக்கு உடுத்திச் செல்லும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்றே பெயர். பழவேற்காட்டைக் கண்ணால் காணாத பல தலைமுறையினர் அதன் பெயரைச் சொல்லித் துணி வாங்கினார்கள். இன்று ‘பிராண்ட்’ என்கிறோமே, அதன் மிகப் பழைய வடிவம் இதுவே.

இப்பெயர் விளம்பரத்தால் பரவவில்லை. போர்த்துக்கீசியர் வருமுன்பே சோழமண்டலக் கரையின் துணி மலாக்கா முதலிய துறைமுகங்களுக்குச் சென்றுகொண்டிருந்தது. மலாய் நாட்டினர் ‘சூலியா’ என்று அழைத்த தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கும் அதில் பெரும் பங்கு இருந்தது. கீழைத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்க வேண்டுமானால் அங்குள்ளோர் விரும்பும் துணியைக் கொண்டு செல்ல வேண்டும். ஒரு தீவில் விரும்பப்படும் நிறமும் கட்டமும் மற்றொரு தீவில் விலைபோகா. எனவே வணிகர்கள் அங்கிருந்து மாதிரித் துணிகளைக் கொண்டுவந்து நெசவாளரிடம் காட்டி, அதைப் போன்றே நெய்து வாங்கினார்கள். வாங்குபவர் யார், அவருக்கு எது வேண்டும் என்று முதலில் அறிந்துகொள்வதே அவர்களது வியாபாரத்தின் தொடக்கமாக இருந்தது.

முன்பணமும் அதன் நிபந்தனைகளும்

டச்சுக்காரர்கள் 1610 வாக்கில் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையகம் அதுவே. அவர்களது வணிகம் முன்பணத்தால் நடந்தது. கம்பெனி உள்ளூர் வணிகருக்குப் பணம் கொடுக்கும். வணிகர் நெசவாளருக்குக் கொடுப்பார். நீளம், அகலம், நூலின் தரம், தரவேண்டிய காலம் ஆகியவை முன்னரே பேசி முடிக்கப்படும். துணி வந்ததும் தரம் பிரித்து, மாதிரிக்கு ஒவ்வாததை ஒதுக்குவார்கள்.

மார்க்கச் சட்டம் பயின்றோருக்கு இது புதிதாகத் தோன்றாது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, மக்கள் ஓராண்டு, ஈராண்டு கழித்துக் கிடைக்கவிருக்கும் கனிகளுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து வந்தனர். அண்ணலார் அதனைத் தடை செய்யவில்லை; அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். இதனை ‘ஸலம்’ என்று ஃபிக்ஹு நூல்கள் கூறும். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இன்று ‘முன்பதிவு’ என்று பணம் வாங்கிக்கொண்டு, எந்தத் துணி, எத்தனை நாளில் வரும் என்று சொல்லாமல் இழுத்தடிப்பவர், இந்நிபந்தனைகளில் எது தவறுகிறது என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதே பழவேற்காட்டின் மற்றொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. பஞ்சத்தாலும் போராலும் நலிந்த மக்கள் அந்தத் துறைமுகத்திலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். துணியின் தரத்தை அத்துணை நுணுக்கமாகச் சோதித்த அதே கணக்குப் புத்தகம் மனிதரையும் சரக்காக எழுதியது. சுதந்திரமான மனிதனை விற்று அக்கிரயத்தை உண்பவனுக்கும், வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கும் மறுமையில் தானே எதிரியாக நிற்பதாக அல்லாஹ் கூறுவதை ஹதீஸ் குத்ஸீயில் காண்கிறோம். திறமையான வியாபாரம் வேறு, ஹலாலான வியாபாரம் வேறு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

போலிகளுக்கிடையே அசல்

பெயர் புகழ்பெற்றால் போலியும் பிறக்கும். சென்னைக் கரையின் கட்டம் போட்ட சதுரத் துணிகள் ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றன. ஐரோப்பிய ஆலைகள் அவற்றைப் பார்த்து அவ்வண்ணமே நெய்து மலிவாக விற்கத் தொடங்கின. எனவே கைத்தறித் துணிக்கு ‘ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீஃப்’, அதாவது ‘அசல்’ என்ற அடைமொழி தேவைப்பட்டது.

நைஜீரியாவின் கழிமுகப் பகுதியில் வாழும் கலபாரி மக்கள் இத்துணியை ‘இஞ்சிரி’ என்று அழைத்தனர். பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளில் அதற்கு இடமுண்டு. அவர்கள் லேபிளை மட்டும் நம்பி வாங்கவில்லை. அசல் துணிக்கே உரிய மணத்தை முகர்ந்து பார்த்தும் தேர்ந்தெடுத்தார்கள். லேபிளை எவரும் அச்சடித்துவிடலாம். பொருளுக்குள் இருக்கும் தரத்தை அச்சடிக்க இயலாது.

பெயரைத் திருடுவது குற்றம் என்பதைச் சட்டமும் காலப்போக்கில் ஏற்றது. இந்தியாவில் 1889இல் வணிகக் குறிகள் பற்றிய சட்டமும், 1940இல் டிரேட் மார்க் சட்டமும் வந்தன. பிரபல நிறுவனத்தின் பெயரை ஒட்டிய ‘முதல் தர நகல்’ செருப்பையும் கைக்கடிகாரத்தையும் இன்று இணையத்தில் விற்கும் நம் இளைஞர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். வாங்குபவருக்குத் தெரிந்துதானே விற்கிறோம் என்பது விடையாகாது. பெயருக்கு உரியவர் அதற்குச் சம்மதிக்கவில்லையே!

சாயம் போன சட்டை

மெட்ராஸ் துணியின் வரலாற்றில் மிகவும் பேசப்படும் நிகழ்ச்சி 1958இல் நடந்தது. பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் அப்போது கைத்தறித் துணி ஏற்றுமதி செய்துவந்தார். வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் அவரிடம் பத்தாயிரம் கெஜம் மெட்ராஸ் துணி வாங்கினார். அதன் சாயம் கரையும் தன்மையது. குளிர்ந்த நீரில் மென்மையாக அலச வேண்டும் என்று எச்சரித்தே கொடுத்ததாக நாயர் கூறியுள்ளார். அந்த எச்சரிக்கை நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரவில்லை. வாங்கியவர்கள் சட்டைகளை இயந்திரத்தில் துவைத்தார்கள். சாயம் கரைந்து மற்றத் துணிகளிலும் ஏறியது. புகார்கள் குவிந்தன, வழக்குத் தொடுப்பது வரை பேச்சு எழுந்தது.

பின்னர் நடந்ததுதான் வியப்பு. ‘செவன்டீன்’ என்ற அமெரிக்க இதழில் இத்துணியைப் பற்றிக் கட்டுரை வந்தது. ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுத் தோற்றம் தரும் அதிசயக் கைத்தறி என அது அறிமுகப்படுத்தப்பட்டது. ‘சாயம் போகும் என்பது உறுதி’ என்றே விளம்பரம் செய்தார்கள். குறையாகக் கருதப்பட்டதே விரும்பி வாங்கும் காரணமாயிற்று.

விற்பனைப் பாடம் நடத்துவோர் இதனைச் சாமர்த்தியத்துக்கு உதாரணமாகக் கூறுவர். நாம் சற்று நின்று பார்ப்போம். துணி மாறவில்லை, சாயம் மாறவில்லை. முதலில் வாங்கியவரிடம் உண்மை சொல்லப்படவில்லை. பின்னர் வாங்கியவரிடம் சொல்லப்பட்டது. சொல்லாதபோது அது மோசடியாகத் தோன்றியது. சொன்னபோது அது ஒரு தன்மையாயிற்று. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரிடம் கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். முஸ்லிமில் வரும் இச்செய்தியில் ஒரு நுட்பம் உண்டு. நனைந்த தானியத்தை விற்காதே என்று அண்ணலார் கூறவில்லை. அதை மறைக்காதே என்றார்கள்.

தபால்காரர் முதல் யுபிஐ வரை

பாராத பொருளை வாங்கும் அச்சத்தைப் போக்க, 1877இல் இந்தியத் தபால்துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பொருள் வீட்டுக்கு வந்த பிறகு தபால்காரரிடம் விலையைக் கொடுத்தால் போதும். ஃப்ளிப்கார்ட் நிறுவனம் 2010இல் தொடங்கிய ‘கேஷ் ஆன் டெலிவரி’ அதன் மறுபிறவியே. 2016இல் யுபிஐ வந்தது. 2018இல் வாட்ஸ்அப் சிறு வணிகர்களுக்கெனத் தனிச் செயலியை வெளியிட்டது. பணம் போகும் வழி நொடியில் முடிந்துவிட்டது. ஆனால் வி.பி.பி. காலத்திலும் பணம் கட்டிய பிறகே பொட்டலத்தைப் பிரிக்க முடியும். உள்ளே இருப்பது சொன்ன பொருள்தானா என்பதை எந்தக் கருவியும் உறுதி செய்வதில்லை. அது விற்பவரின் அமானிதமாகவே எஞ்சி நிற்கிறது.

அந்த இடைவெளியில்தான் பொய் நுழைகிறது. வாங்கும் எண்ணமே இன்றி, பிறரைத் தூண்டுவதற்காக விலையேற்றிக் கேட்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இதற்கு ‘நஜ்ஷ்’ என்று பெயர். உறவினரையும் நண்பரையும் கொண்டு ஐந்து நட்சத்திரமும் புகழுரையும் எழுதச் செய்வது இதன் இன்றைய வடிவமன்றி வேறென்ன? நாட்டுச் சட்டமும் இங்கு மார்க்கத்தோடு உடன்படுகிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பவரே வாடிக்கையாளர் போல் நடித்து மதிப்புரை எழுதுவதைத் தடுக்கின்றன. 2022இல் இணைய மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ‘ஐ.எஸ். 19000’ என்ற தரநிலையை வெளியிட்டது.

இன்னொரு வலை இதைவிடப் பெரிது. ‘வீட்டிலிருந்தே வருமானம்’ என்று அழைத்து, பணம் கட்டச் சொல்லி, மேலும் ஆள் சேர்த்தால் பங்கு தருவதாகக் கூறுவார்கள். அங்கே விற்கப்படும் பொருள் பெயருக்குத்தான் இருக்கும். உண்மையில் விற்கப்படுவது சேர்க்கப்படும் மனிதரின் ஆசை. பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமும், பிரமிடு முறையை 2021ஆம் ஆண்டு நேரடி விற்பனை விதிகளும் தடை செய்துள்ளன. பள்ளிவாசலில் அறிமுகமானவர் அழைத்தார் என்பதற்காகச் சேர்ந்துவிடக் கூடாது. பொருள் எது, அதை உபயோகிப்பவர் யார், இலாபம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ‘புதிதாகச் சேர்பவரிடமிருந்து’ என்பதே விடையானால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் வீட்டு வணிகர்களுக்கு

2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி, எர்ணாவூர்க் கரையெங்கும் எண்ணெய் படிந்தது. வாளியால் அதனை அள்ளிய நாட்களில், மீனவர் கொண்டுவந்த மீனை வாங்கவும் மக்கள் தயங்கினர். அவர்கள் செய்யாத குற்றத்துக்காக அவர்களது பெயர் நலிந்தது. பிறர் செயலாலேயே பெயர் இத்துணை எளிதில் கெடுமானால், நம் கையாலேயே அதைக் கெடுத்துக்கொள்ளலாமா?

ஆகவே, விற்கும் பொருளையே படம் எடுங்கள். இணையத்தில் கிடைத்த அழகிய படத்தை ஒட்டாதீர்கள். நிறம் சிறிது மாறுபடும் என்றால், தையலில் குறை என்றால், முதலிலேயே எழுதுங்கள். தரும் நாளைக் குறிப்பிடுங்கள். தவறினால் பணத்தைத் திருப்பும் வழியையும் கூறுங்கள். கடனாகக் கொடுத்தால் எழுதி வையுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) அதைத்தான் கட்டளையிடுகிறது. கையில் இல்லாத பொருளை விற்பதை நபி (ஸல்) அவர்கள் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அவர்களுக்குத் தடுத்தார்கள். எனவே பிறர் சரக்கைக் காட்டி ஆர்டர் எடுப்பவர்கள், அதனைத் தரகாகவோ ஸலமாகவோ முறைப்படுத்திக்கொள்ளும் வழியை ஆலிம்களிடம் கேட்டறியுங்கள். வெயிலில் பார்சல் கொண்டுவரும் தம்பிக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள். உங்களிடம் வேலை செய்பவராயின் கூலியைத் தாமதிக்காதீர்கள்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் பரக்கத் அழிந்துவிடும் என்பது நபிமொழி. பழவேற்காட்டின் கோட்டை இடிந்துபோயிற்று. அதன் துறைமுகமும் பழைய நிலையில் இல்லை. அங்கிருந்து சென்ற கைலியின் பெயர் மட்டும் கடல் கடந்து இன்றும் தொழுகை வரிசைகளில் நிற்கிறது.

நேர்மையான வணிகரை நபிமார்களோடும் ஸித்தீக்குகளோடும் ஷஹீதுகளோடும் சேர்த்துவைப்பதாக வந்துள்ள நற்செய்திக்கு உரியவர்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.