அசோக் குமார் ஆணை

குற்றம் செய்பவர் யாரென்று தெரியாதபோது கற்பனைப் பெயர் ஒன்றைப் பிரதிவாதியாகக் காட்டி, நடக்கப்போகும் உரிமை மீறலுக்கு எதிராக நீதிமன்றத்திடம் முன்கூட்டியே பெறும் தடையாணை அசோக் குமார் ஆணை எனப்படுகிறது. ஆங்கிலேயச் சட்ட மரபில் இதற்கு ஜான் டோ ஆணை என்று பெயர். இந்திய வழக்குகளில் ஜான் டோவுக்குப் பதிலாகப் பெரும்பாலும் அசோக் குமார் என்ற பெயர் இடம்பெறுகிறது. தமிழ்நாட்டில் இவ்வாணையைத் திரைத்துறையே மிகுதியாகப் பயன்படுத்தி வருகிறது. பெரிய படம் ஒன்று திரைக்கு வருமுன் அதன் கள்ளப் பிரதிகள் இணையத்தில் பரவாமல் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகுவது வழக்கமாகிவிட்டது. 2012-இல் அந்நீதிமன்றம் இரண்டு படங்களுக்காக வழங்கிய ஆணைகள் நாடெங்கும் முழு இணையதளங்கள் முடங்கக் காரணமாயின. கோப்புப் பகிர்வு, கருத்துரிமை, அந்தரங்கம் ஆகியவை குறித்து இந்தியாவில் எழுந்த பெரிய இணைய விவாதங்களுள் அதுவும் ஒன்று.

தோற்றம்

2002 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின்போது, ஒளிபரப்பு உரிமை பெற்றிருந்த தாஜ் டெலிவிஷன் நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. உரிமம் பெறாமல் போட்டியைக் காட்டிய கேபிள் இயக்குநர்கள் ஏராளம். ஒவ்வொருவரின் பெயரையும் முகவரியையும் திரட்டி வழக்குத் தொடுப்பதற்குள் போட்டியே முடிந்துவிடும். அவ்வாண்டு ஜூனில் நீதிமன்றம் பெயர் தெரியாதோர்மீதும் தடை விதித்து, உரிய இடங்களுக்குச் சென்று ஆதாரம் திரட்ட ஆணையர் ஒருவரை நியமித்தது. அச்சூழலில் அது நியாயமான வழி. கேபிள் கம்பி ஒரு தெருவில் ஓடியது, ஒரு வீட்டில் முடிந்தது. ஆணையர் நேரில் போய்ப் பார்த்து, இங்கே மீறல் நடக்கிறது என்று உறுதிசெய்ய முடிந்தது.

2011-இல் ‘சிங்கம்’ இந்திப் படத்துக்காக டெல்லி உயர்நீதிமன்றத்தில் பெற்ற ஆணை இணையத்துக்கும் நீண்டது. அன்றுமுதல் ஆணையை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு இணையச் சேவை நிறுவனங்களிடம் போயிற்று. ஆணையர் நேரில் போய்ச் சரிபார்க்கும் கட்டம் இங்கே மறைந்துவிட்டது. பிறகு எழுந்த சிக்கல்களுக்கெல்லாம் வேர் இதுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்பே கடுமையான சட்டம் ஒன்று வந்துவிட்டது. சென்னை ராஜாஜி சாலையின் பர்மா பஜார் முதல் ஊர்ப்புறப் பேருந்து நிலையங்கள் வரை திருட்டு விசிடி விற்ற காலம் அது. 1982-ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டம், அதாவது மக்கள் பேச்சில் குண்டர் சட்டம், 2004-இல் திருத்தப்பட்டு ‘வீடியோ திருடர்கள்’ என்ற வகையினரும் அதில் சேர்க்கப்பட்டனர். விசாரணையின்றி ஓராண்டு வரை ஒருவரைச் சிறையில் வைக்க இச்சட்டம் இடமளிக்கிறது. பதிப்புரிமை மீறலுக்குத் தடுப்புக் காவல் என்பது அளவுக்கு மீறிய தண்டனை. ஆயினும் திரைத்துறையின் இழப்பு கற்பனையானதல்ல. கடன் வாங்கிப் படமெடுக்கும் சிறு தயாரிப்பாளரும், ஊர்த் திரையரங்கில் சீட்டுக் கிழிப்பவரும், துணை நடிகரும் அந்த இழப்பைச் சுமந்தனர்.

2012: ‘3’ திரைப்பட வழக்கு

ஐஸ்வர்யா தனுஷ் இயக்கி, தனுஷும் சுருதிஹாசனும் நடித்த ‘3’ திரைப்படம் 2012 மார்ச் 30 அன்று வெளியானது. அனிருத் இசையமைப்பாளராக அறிமுகமான படம். அதன் புகழுக்கு முதற்காரணம் ‘கொலவெறி’ பாடல். பாடலின் முழுமை பெறாத வடிவம் இணையத்தில் கசிந்துவிட்டதால், 2011 நவம்பர் 16 அன்று அது அதிகாரபூர்வமாகவே யூடியூபில் வெளியிடப்பட்டது. மக்கள் அதை ஒருவருக்கொருவர் அனுப்பி, பாடி, மாற்றிப் பாடி, உலகெங்கும் கொண்டுசேர்த்தனர். இணையப் பகிர்வினால் பெரிதும் பயனடைந்த தமிழ்ப்படம் இது.

அதே படத்தின் தயாரிப்பு நிறுவனமான ஆர்.கே. புரொடக்‌ஷன்ஸ், வெளியீட்டுக்கு முன்பே பி.எஸ்.என்.எல். உள்ளிட்ட இணையச் சேவை நிறுவனங்கள்மீதும் பெயர் தெரியாதோர்மீதும் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றது. ஏப்ரலில் ‘தம்மு’ தெலுங்குப் படத்துக்கும் இதேபோன்ற ஆணை கிடைத்தது. சென்னையைச் சேர்ந்த காப்பிரைட் லேப்ஸ் என்ற நிறுவனம் படத்தரப்பின் சார்பில் கள்ளப் பிரதிகளைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டது.

மே மாதம் பல சேவை நிறுவனங்களின் இணைப்பில் பைரேட் பே மட்டுமல்லாமல் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் ஆகிய தளங்களும் திறக்கவில்லை. பைரேட் பே டாரண்ட் வழி கோப்புகளைப் பகிர்வதற்கென்றே நடந்த தளம். அதை நடத்தியவர்களுக்கு 2009-இல் சுவீடன் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்திருந்தது. மற்றவை அப்படியல்ல. விமியோவில் குறும்பட இயக்குநர்கள் தம் சொந்தப் படைப்புகளை ஏற்றியிருந்தனர். பேஸ்ட்பின் நிரலர்கள் எழுத்துத் துணுக்குகளைப் பகிரும் இடம். அதில் திரைப்படம் பார்க்கவே முடியாது. நீதிமன்ற ஆணை மீறலைத் தடைசெய்தது. எந்தெந்தத் தளங்களை மூடவேண்டும் என்ற பட்டியலை அது தரவில்லை. நீதிமன்ற அவமதிப்புக்கு அஞ்சிய நிறுவனங்கள் சந்தேகத்துக்குரிய முகவரிகளைத் தேடாமல் தளங்களையே அடைத்துவிட்டன. எதிர்த்துக் கேட்க வேண்டியவரோ அசோக் குமார். அவர் நீதிமன்றத்துக்கு வரவே முடியாதவர். தம் குறும்படம் காணாமல் போன இளைஞருக்குத் தாம் ஒரு வழக்கில் தோற்றுவிட்டோம் என்பதுகூடத் தெரியாது.

அந்த ஆண்டு உலகெங்குமே இணையத் தடை பற்றிய கொதிப்பு நிலவியது. இணையத் திருட்டைத் தடுக்க அமெரிக்காவில் கொண்டுவரவிருந்த சோபா சட்டவரைவை எதிர்த்து ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா ஒருநாள் இருண்டு கிடந்தது. ஏப்ரல் இறுதியில் இங்கிலாந்து உயர்நீதிமன்றம் பைரேட் பேயை அடைக்க ஆணையிட்டது. அங்கே தளத்தின் பெயரைக் குறிப்பிட்டு, சான்றுகளை ஆராய்ந்தபின் தடை வந்தது. இங்கே அந்த ஆய்வு நடக்கவில்லை.

மே மாதத்தில் இந்தியத் தடைகளை எதிர்த்து அனானிமஸ் என்ற முகமற்ற இணையக் குழு உச்சநீதிமன்றம், காங்கிரஸ் கட்சி ஆகியவற்றின் தளங்களைத் தாக்கி முடக்கியது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தின் கணினிகளுக்குள் நுழைந்து தடைப் பட்டியலை எடுத்ததாகக் கூறி அதை வெளியிட்டது. ஜூன் 9 அன்று மும்பை உள்ளிட்ட நகரங்களில் அக்குழுவின் அடையாளமான கை ஃபாக்ஸ் முகமூடி அணிந்த இளைஞர்கள் தெருவில் இறங்கினர். நீதிமன்றத் தளத்தைத் தாக்குவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதல்ல. ஆனால் ஒரு படத்துக்காக முழுத் தளங்களையே அடைக்கலாமா என்று முகமூடியோடு தெருவில் நின்றவர்கள் கேட்டது முறையான கேள்வி. அதை அவர்களுக்கு முன்பே நீதிமன்றத்தில் கேட்டிருக்க வேண்டும்.

சேவை நிறுவனங்கள் முறையிட்டதும் ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தன் ஆணைக்கு விளக்கம் தந்தது. படத்தின் கள்ளப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட இணைய முகவரிக்கு மட்டுமே தடை பொருந்தும், முழுத் தளத்துக்கும் அல்ல. அந்த முகவரி விவரங்களை 48 மணி நேரத்துக்குள் தரவேண்டியது படத்தரப்பின் பொறுப்பு. இந்தச் சில வரிகளே இவ்வழக்கு விட்டுச்சென்ற பெரும்பயன். அதே மாதம் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைத் திருத்தச் சட்டமும், புகார் வந்தால் இடைநிலை நிறுவனம் 21 நாள் வரை அணுகலை நிறுத்தலாம், அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறக்கலாம் என்று வரம்பு வகுத்தது.

பின்வந்த ஆணைகள்

அந்த விளக்கம் நிலைக்கவில்லை. 2017 ஆகஸ்டில் ‘ஜப் ஹாரி மெட் சேஜல்’, ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’ ஆகிய இந்திப் படங்களின் தயாரிப்பாளர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெற்ற ஆணைகளின்படி 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் அடைக்கப்பட்டன. இண்டர்நெட் ஆர்க்கைவ் அவற்றுள் ஒன்று. மறைந்துபோன இணையப் பக்கங்களைச் சேமித்து வைப்பதும், பதிப்புரிமை காலாவதியான நூல்களை இலவசமாகத் தருவதும் அதன் பணி. இந்திய மின்னூலகத் திட்டத்தில் ஒளிவருடப்பட்ட பழந்தமிழ் நூல்கள் பலவற்றின் பிரதிகளும் அங்கே உள்ளன. அச்சில் கிடைக்காத நிகண்டையோ சிற்றிலக்கியத்தையோ தேடும் ஆய்வு மாணவருக்கு அதுதான் நூலகம். ஓர் இந்திப் படத்துக்காகத் தமிழ்நாட்டு நீதிமன்றத்தின் ஆணையால் அந்நூலகத்தின் கதவு சில நாள் மூடிக் கிடந்தது. தமிழர் கவலைப்படவேண்டிய நிகழ்வு இது.

2018 நவம்பரில் ‘2.0’ படத்துக்காக அதன் தயாரிப்பாளரான லைக்கா நிறுவனம் கேட்டபடி, 12,000-க்கும் மேற்பட்ட தள முகவரிகளை அடைக்குமாறு 37 சேவை நிறுவனங்களுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. அவற்றுள் 2,000-க்கும் அதிகமானவை, கள்ளப் பிரதிகளை வெளியிட்டுவந்த தமிழ்ராக்கர்ஸ் குழுவுடையவை எனக் காட்டப்பட்டன. படம் வெளியான அன்றே கள்ளப் பிரதியும் வெளியானது. ஓர் எழுத்தை மாற்றிப் புது முகவரி வாங்கச் சில நிமிடமே தேவைப்படும் ஊடகத்தில், பட்டியலின் நீளம் பாதுகாப்பாகாது.

பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் பட்டேல் 2016-இல் ‘டிஷூம்’ படத்துக்கான வழக்கில் வேறு வழி காட்டினார். ஒவ்வொரு முகவரியும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். அடைக்கப்பட்ட பக்கத்தில் எந்த வழக்கில், எந்த ஆணையால் அடைக்கப்பட்டது என்று தெரிவித்து, பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் குறிப்பிட வேண்டும். அசோக் குமார் ஆணையின் முதன்மைக் குறைக்கு, அதாவது மறுதரப்புக்குச் செய்தியே போகாத நிலைக்கு, இதுவரை சொல்லப்பட்ட தீர்வுகளில் இதுவே சிறந்தது. இணையத்தில் படத்தைப் பார்ப்பது மட்டுமே குற்றமாகாது என்றும் அவர் தெளிவுபடுத்தினார். டெல்லி உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில், மீறலுக்கென்றே நடக்கும் தளங்களின் புதுப்புது நகல்களையும் தொடர்ந்து அடைக்க வகைசெய்யும் விரிதடை முறையை ஏற்றது.

ஊர்ப்புறத்தில் கோப்புப் பகிர்வு

இணையத் தடை ஆணைகள் எட்டாத பகிர்வு ஒன்று தமிழ்நாடெங்கும் நடந்தது. திருவள்ளூர் மாவட்டப் பொன்னேரி வட்டத்துத் திருப்பாலைவனம், பழவேற்காடு, பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மீனவக் குப்பங்கள் போன்ற ஊர்ப்புறங்களின் அனுபவத்தை இந்தப் பகிர்வை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2016-இல் ஜியோ வந்து தரவின் விலை விழும்வரை, ஒரு முழுப் படத்தை இறக்குவது கூலிக்குப் போகிறவருக்குக் கட்டுப்படியாகாது. ரீசார்ஜ் கடைக்காரர் தம் கணினியிலிருந்து மெமரி கார்டில் பாட்டும் படமும் ஏற்றித் தருவார். ஒருவர் கார்டிலிருந்து இன்னொருவர் போனுக்கு புளூடூத்தில் போகும். பின்னர் ஷேர்இட், ஜெண்டர் செயலிகள் வந்தபோது தரவுச் செலவே இன்றிப் பெரிய கோப்புகள் விரைவாகக் கைமாறின. எம்.ஜி.ஆர். பாடல்களும் கானாவும் தேவாலயப் பாடல்களும் கல்யாண வீடியோவும் ஒரே கார்டில் இருந்தன. அதில் எது உரிமை மீறல், எது சொந்தச் சேமிப்பு என்று எந்தப் பட்டியலும் பிரித்திருக்க முடியாது. அருகில் திரையரங்கும் நூலகமும் இல்லாத ஊருக்கு அந்தக் கடையே இசைக்களஞ்சியமாக இருந்தது.

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் டிக்டாக்கோடு ஷேர்இட்டும் ஜெண்டரும் இருந்தன. பயனரின் தரவு வெளிநாட்டுக்குப் போகிறது என்பது அரசு சொன்ன காரணங்களுள் ஒன்று. அந்தக் கவலை பொய்யல்ல. ஆனால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்போது இந்தியாவில் இல்லை. 2023-இல்தான் அது இயற்றப்பட்டது.

பெயர் தெரியாமை என்னும் உரிமை

பெயர் தெரியாதவரை நீதிமன்றம் இருவிதமாக எதிர்கொள்கிறது. தெரியாமலேயே தடைவிதிப்பது முதல் வகை. யாரென்று கண்டுபிடித்துத் தரச்சொல்வது இரண்டாவது. 2022 ஆகஸ்டில், தன் பாடக் குறிப்புகள் டெலிகிராமில் பகிரப்படுவதாக ஓர் ஆசிரியை தொடுத்த வழக்கில், அந்த அலைவரிசைகளை நடத்துவோரின் விவரங்களைத் தருமாறு டெல்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சிங்கப்பூர்ச் சட்டம் தடுக்கிறது என்ற டெலிகிராமின் வாதம் எடுபடவில்லை. பெயர், தொலைபேசி எண், கணினி முகவரி (ஐ.பி.) ஆகியவை மூடிய உறையில் கொடுக்கப்பட்டன.

சென்னை உயர்நீதிமன்றத்தில் 2018-இல் தொடங்கிய பொதுநல வழக்கு இதைவிடத் தொலைவுக்குப் போகப் பார்த்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கவேண்டும் என்பது அதன் முதல் கோரிக்கை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஏற்கெனவே தீர்ப்பளித்திருந்ததாலும், ஆதார் பயன்பாட்டுக்கு வரம்பு வகுத்த 2018 செப்டம்பர் தீர்ப்பாலும் அக்கோரிக்கை வலுவிழந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய முடியுமா என்பதே பின்னர் மையக் கேள்வியாயிற்று. முடியும், அதற்கான குறிப்பைச் செய்தியோடு சேர்க்கலாம் என்று சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி நீதிமன்றத்தில் கருத்துத் தந்தார். அனுப்புவோருக்கும் பெறுவோருக்கும் மட்டுமே செய்தி தெரியும்படி காக்கும் மறையாக்கத்தை அது குலைக்கும் என்று வாட்ஸ்அப் தரப்பு மறுத்தது. ஃபேஸ்புக் இவ்வழக்கை உச்சநீதிமன்றத்துக்கு மாற்றக் கோரியது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் முதல் அனுப்புநரை அடையாளம் காட்டும் கடமையைப் பெரிய நிறுவனங்களுக்கு விதித்தன. அவ்வாண்டு மே மாதம் வாட்ஸ்அப் டெல்லி உயர்நீதிமன்றத்தில் அதை எதிர்த்தது.

அடையாளம் காட்டுவதிலும் தவறு நேரும் என்பதற்கு 2007-இன் நிகழ்வு சான்று. ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் ஏற்றப்பட்ட வழக்கில், சேவை நிறுவனம் கணினி முகவரியைத் தவறான வாடிக்கையாளரோடு பொருத்திக் கொடுத்தது. பெங்களூரு மென்பொருள் பொறியாளர் ஒருவர் புனேயில் 50 நாள் சிறையில் இருந்தார். அவர் அந்தப் படத்தை ஏற்றவே இல்லை.

இன்றைய நிலை

2023-ஆம் ஆண்டின் திரைப்படத் திருத்தச் சட்டம், கள்ளப் பதிவு செய்வோருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாய் முதல் படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கிறது. அவ்வாண்டு நவம்பரில் மத்திய அரசு 12 அலுவலர்களை நியமித்து, தயாரிப்பாளர் புகார் தந்தால் 48 மணி நேரத்துக்குள் கள்ளப் பிரதியை நீக்கச்செய்யும் அதிகாரத்தை அவர்களுக்கு வழங்கியது. நீதிமன்றத்துக்கே போகவேண்டாம் என்பதால் தயாரிப்பாளருக்கு இது விரைவான வழி. ஆனால் சென்னையில் 2012 ஜூனில் நடந்ததுபோல ஆணையைத் திருத்திக் கேட்க இங்கே திறந்த நீதிமன்றம் இல்லை. செயலித் தடைகளுக்குப் பயன்படும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் நிலைமை இன்னும் இறுக்கமானது: 2009 விதிகளின் 16-ஆவது விதிப்படி புகார்களும் அவற்றின்மீது எடுக்கும் நடவடிக்கையும் இரகசியமாகவே வைக்கப்படுகின்றன.