வன்தட்டின் எல்லைச் சுவர்கள்

வீதியொன்றின் வீடுகளுக்கு மூன்று இலக்கங்களில் மட்டுமே எண் இடலாமென்று விதித்துவிட்டால், ஆயிரமாவது வீடு கட்டப்பட்டிருந்தும் தபாற்காரருக்கு அது இல்லாத வீடுதான். பெரிய வன்தட்டுகளில் இயங்குதளத்தை நிறுவுகையில் எழுந்த சிக்கல்களின் வரலாறு, பெரும்பாலும் இந்த இலக்கப் பற்றாக்குறையின் வரலாறே.

1983 மார்ச்சில் ஐபிஎம் வெளியிட்ட எக்ஸ்ரி கணினியின் வன்தட்டு 10 மெகாபைற் கொண்டது. அதுவே அன்று பெரிது. கணினியின் பயோஸ் 1,024 உருளைகள் வரை எண்ணியது; பின்னர் வந்த ஐடிஈ தட்டுகளோடு சேர்ந்தபோது 16 வாசிப்புத் தலைகள், தடத்துக்கு 63 கூறுகள், கூறுக்கு 512 பைற் என்பதே எல்லையாயிற்று. பெருக்கிப் பாருங்கள்: 528 மெகாபைற். அது முதற் சுவர். அதைத் தாண்டியதும் 8.4 ஜிகாபைற்றில் இன்னொன்று. அதன்பின் 28 பிற் முகவரி விதித்த 137 ஜிகாபைற் சுவர்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபின் யாழ்ப்பாணத்துக்குப் புதிய கணினிப் பொருட்கள் வரத் தொடங்கின. அந்த ஆண்டுகளில் மருதனார்மடச் சந்தியருகே, திருத்துநர் ஒருவரின் மேசையில் 160 ஜிகாபைற் தட்டொன்றைக் கண்டேன். விண்டோஸ் எக்ஸ்பியின் முதற்பதிப்பு இறுவட்டு அதனை 137 ஜிகாபைற்றாகவே கண்டது. உரிமையாளரோ கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகக் கொதித்தார். தட்டில் குறையில்லை. 48 பிற் முகவரியை எக்ஸ்பி ஏற்றது, 2002 செப்டெம்பரில் வந்த முதலாவது சேர்விஸ் பாக்குடன்தான். திருத்துநர் சிறிய பிரிவொன்றில் எக்ஸ்பியை நிறுவி, சேர்விஸ் பாக்கைச் சேர்த்து, மிகுதியைப் பின்னர் பிரித்தார்.

இடம் குறைவது பெரிய தீங்கன்று. எல்லையறியாத மென்பொருள் அதற்கப்பால் எழுத முனைந்தால், முகவரியின் மேலிலக்கங்கள் வெட்டுண்டு, புதிய எழுத்து தட்டின் தொடக்கத்திலுள்ள பழையதன்மேல் விழக்கூடும். நெருப்பில்லை, புகையில்லை, ஆவணம் அழிந்திருக்கும். 1981 இல் நூலகத்தைத் தீக்குக் கொடுத்த மண்ணில் இதைச் சிறு தொழில்நுட்பக் கோளாறென்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்த சுவர் 2.2 ரெராபைற். எம்பிஆர் என்னும் பழைய பிரிவு அட்டவணையின் 32 பிற் எல்லை அது. தீர்வு ஜிபிரி அட்டவணை. அதிலிருந்து விண்டோஸ் தொடங்குவதற்கு யூஈஎஃப்ஐ வேண்டும். அட்டவணையை மாற்றத் தட்டைத் துடைப்பவர்கள் உள்ளனர். 2017 முதல் விண்டோஸ் 10 உடன் வரும் எம்பிஆர்2ஜிபிரி கருவி, இயங்குதளமுள்ள தட்டைத் துடைக்காமலே மாற்றித் தரும்.

ஆயினும் எந்தக் கருவியைத் தொடுமுன்னரும் பிரதியெடுத்து வையுங்கள். தட்டை மீண்டும் வாங்கலாம். அதில் எழுதியதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.